நடுப் பத்தி

“நில்லுங்க, நில்லுங்க! பொறி தெறிக்குது!” என்று வெல்டர் மேலேயிருந்து கத்தியதும், அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறிய நான்கு பேரும் இரண்டாம் மாடியைத் தாண்டி நடுப்படியில் அப்படியே நின்றார்கள்.

முன்பக்கம் அண்ணனும் அவனுடைய அலுவலக நண்பரும் பிடித்திருந்தார்கள். பின்பக்கம் கீழ்வீட்டுத் தையற்காரரும் பிணவறை ஊழியரும். ஏறும்போது பாரம் முழுக்கப் பின்னால் வருகிறவன் தலையில்தான் விழும். தையற்காரருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. மகள் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சருக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். அப்பாவின் குதிகால் துணிக்குள்ளிருந்து அவள் காதில் இடித்தது.

“யாருங்க உங்களை இன்னிக்கு வரச் சொன்னது?” என்று அவள் அங்கிருந்தபடியே கேட்டாள்.

“வீட்டு ஓனர்தாம்மா. விடியக்காலைலயே போன் பண்ணிட்டார். மூணாம் மாடி கைப்பிடிய மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடணும், பாடி வர்றதுக்குள்ள...” வெல்டர் முகமூடியைத் தூக்கிக் கீழே பார்த்தார். துணி சுற்றிய அப்பாவைப் பார்த்ததும் அதை முழுக்கக் கழற்றினார். “இந்தக் கம்பியாலதான்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்கு யாரும் சொல்லல.”

அவருக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷமாக அந்தத் திருப்பத்தில் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக வெல்டருக்கு ஊரில் பஞ்சம். முந்தாநாள் காலை அப்பா செய்தித்தாள் எடுக்கக் கீழே இறங்கினார், விளக்கில்லாத படியில் கைப்பிடியைப் பிடித்தார், கைப்பிடி அவரோடு கிளம்பி வந்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போன செய்தி வீட்டுக்காரர் காதுக்கு எட்டியதும், எங்கிருந்தோ வெல்டர் முளைத்துவிட்டார், சிமென்ட் மூட்டை வந்துவிட்டது, பச்சை பெயின்ட் டப்பாகூட வந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இது கண்ணைக் கெடுத்தவனே வந்து செய்கிற நமஸ்காரம்.

“சரி சரி, இப்ப எதுக்கு அவர்கிட்ட வம்பு? நல்லதுக்குத்தானே பண்றாங்க” என்றான் அண்ணன், திரும்பாமலே.

அண்ணனுக்கு எல்லாமே நல்லதுக்குத்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வீட்டுக்காரர் அவனோடு போனில் பத்து நிமிஷம் பேசினார். பேசி முடித்து வந்தவன் போலீஸ்காரரிடம், “அப்பாவுக்குத் தலை சுத்திருக்கும்னு நினைக்கிறேன் சார், வயசாயிடுச்சில்ல” என்று சொல்லிவிட்டான். அம்மா ஆயுசு பூராவும் அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். தன்னுடைய இரண்டு அறை வீட்டுக்கு அம்மா மூட்டையோடு வந்துவிடுவாளோ என்று கதிகலங்கிப் போயிருந்தவனுக்கு அந்த வாக்கு தேனாக இனித்திருக்கும்.

வெல்டர் கருவியை அணைத்துவிட்டு வழிவிட்டார். இரும்பு எரிந்த வாடைக்குள் அப்பாவைத் தூக்கிப் போனார்கள்.

அப்பா குடிநீர் வாரிய அலுவலகத்தில் கடிதப் பிரிவு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்காகக் கடிதம் எழுதியவர். அதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முதல் பத்தியில் வணக்கமும் புகழ்ச்சியும். கடைசிப் பத்தியில் நன்றியும் வாழ்த்தும். விஷயம் நடுப் பத்தியில்.

“கசப்பு மாத்திரைய வாழைப்பழத்துல வெச்சுத்தான் குடுக்கணும்” என்பார்.

வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் எழுதினார். ஆறு மாதத்துக்கு ஒன்று. ‘பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஐயா’ என்று தொடங்கும். ‘தங்கள் நிழலில் குடியிருக்கும் பேறு பெற்ற’ என்று வளரும். ‘பொருள்’ என்ற இடத்தில் ‘நலம் விசாரித்தலும் சிறு விண்ணப்பமும்’ என்று இருக்கும். கைப்பிடி விழப்போகிறது என்பதைத் தலைப்பிலேயே போட்டால் மனம் நோகுமாம். நகலெடுத்து ஒரு ஃபைலில் கோத்து வைத்துவிட்டு, அசலைச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

“என்ன சொன்னார்?” என்று அம்மா கேட்பாள்.

“பாத்துக்கலாம்னார்.”

அந்த வீட்டில் வீட்டுக்காரருக்குப் பெயரே ‘பாத்துக்கலாம்’தான். அம்மா வைத்த பெயர். தண்ணீர்த் தொட்டி விரிசலா, பாத்துக்கலாம். படிக்கட்டு விளக்கு எரியவில்லையா, பாத்துக்கலாம். “அந்தாள் செத்தா கல்லறைல அதைத்தான் எழுதணும்” என்பாள் அம்மா. அப்பா பதறிப்போய் ஜன்னலைச் சாத்துவார்.

மகளுக்கு இந்தக் கடிதங்களைக் கண்டாலே உடம்பு எரியும். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். உள்ளே முறிந்திருந்தால் முறிந்திருக்கிறது என்று காட்டுவதுதான் அவள் தொழில். போன வருஷம் பொறுக்க முடியாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட்டாள். அதற்கும் “பாத்துக்கலாம்மா” என்றுதான் பதில் வந்தது. அது போதாதென்று, மறுநாள் அப்பா அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு போனார். ‘இளம் இரத்தத்தின் வேகத்தைத் தாங்கள் பொருட்படுத்தலாகாது.’

அதன் நகலைப் பார்த்த அன்று அவள் செய்ததுதான் இப்போது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்த ஃபைலை அப்படியே தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். “இந்தப் பல்லிளிப்பையெல்லாம் வீட்டுல சேத்து வெக்காதீங்க. வெளிய யாராவது பாத்தா காறித் துப்புவாங்க” என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் ஃபைல் இருந்த அலமாரித் தட்டைத் துடைத்தார். பிறகு, “அந்த ஃபைல் பின் நல்லாயிருந்ததேம்மா, அதை மட்டும் கழட்டியிருக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு அவர் நகல் வைத்துக்கொள்ளவில்லை.

முன்னறையில் கட்டிலை அகற்றிவிட்டு அப்பாவைக் கிடத்தினார்கள். முகத்தில் அடி இல்லை. அடியெல்லாம் உள்ளே. முந்தாநாள் காலை ஸ்ட்ரெச்சரில் வந்தவரின் முகத்தைப் பார்க்காமல், அப்பா என்று தெரியாமலே அவள் தடுப்புக்குப் பின்னாலிருந்து, எல்லோரிடமும் சொல்வதுபோல், “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லியிருந்தாள். அவர் பிடித்தார். ஐந்தாறு விலா எலும்பு முறிந்த மனிதர் முழு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு போதுமாம்மா?” என்று கேட்டார். அந்தக் குரலில்தான் அவளுக்குத் தெரிந்தது. “கம்பி கையோட வந்துடுச்சு” என்றார் அப்புறம். கடைசியாகத் தெளிவாகப் பேசியது, “ஓனர்கிட்ட சத்தம் போடாதே. பாவம், அவருக்கு ஆயிரம் வேலை.” மறுநாள் செத்துப்போனார். சாகிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு முதுகு நிமிரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுகை இன்னும் வரவில்லை.

போலீஸ்காரர் வந்தபோது மணி இரண்டரை. நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு, கக்கத்தில் அட்டை. மூன்று மாடி ஏறிய களைப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலிகளும் வீட்டுக்காரர் அனுப்பியவைதான். இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒன்றுகூட ஆடவில்லை.

“அம்மா, மன்னிக்கணும். ஒரே ஒரு கையெழுத்து. தலை சுத்தி விழுந்ததா உங்க பையன் ஆஸ்பத்திரில சொன்னதை எழுதியிருக்கேன். நீங்களும் போட்டுட்டா ஃபைல மூடிடலாம். நீங்க நாலு மணிக்கு எடுத்துட்டுப் போகலாம்.”

அம்மா சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடக்க வராது. அட்டையை வாங்கிக்கொள்ளவில்லை.

“அவருக்குத் தலை சுத்தினதே இல்ல” என்றாள் மகள். “தினம் அம்பத்திரண்டு படி ஏறி இறங்கினவர். கைப்பிடிக் கம்பி கையோட வந்துடுச்சுன்னு என்கிட்ட சொன்னார்.”

“அதை வேற யாராவது கேட்டாங்களா?”

“எக்ஸ்ரே ரூம்ல வேற யாரும் கிடையாது.”

“விழுந்ததை யாராவது பாத்தாங்களா?”

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அந்தக் கைப்பிடியை எட்டி நின்று நடந்தவர்கள். இரண்டாம் மாடி டீச்சர் கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி நான்காக மடித்தாள். தையற்காரர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தால் வீடு போய்விடும். ஊமைக் கோட்டான்கள் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. ஸ்ட்ரெச்சர் தூக்க வந்த மனிதரை அப்படிச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டாள்.

போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். “பாரும்மா. கம்பி பழுதுன்னு வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருந்தும் அப்படியே விட்டாருன்னா, அது வேற கேஸ். அவர் பதில் சொல்லியே ஆகணும். அவருக்குத் தெரியவே தெரியாதுன்னா இது வெறும் விபத்து. இவ்வளவுதான் வித்தியாசம். நீங்க அவர்கிட்ட எழுத்துல ஏதாவது குடுத்திருக்கீங்களா? நகல் இருக்கா?”

மகளின் கண் அலமாரியில் அந்தக் காலித் தட்டுக்குப் போனது.

“நான் போன்ல சொன்னேன். கத்தினேன்.”

“கத்தினதுக்கு எங்கம்மா சாட்சி?”

அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தான். “அதான் சார் நானும் சொல்றேன். போனவர் திரும்பியா வரப்போறார்? இவளுக்கு எப்பவுமே வேகம் ஜாஸ்தி. அம்மா, நீ போட்டுக் குடும்மா.”

“உன் வீட்டுல எனக்கு இடம் இருக்காடா?” என்று அம்மா கேட்டாள்.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்தார். முதலில் மாலை வந்தது, வாசல் நிலையில் இடிக்கிற அளவுக்கு. அதற்குப் பின்னால் அவர். வெள்ளை உடுப்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அப்பாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். ஒரு கண்ணால் யார் யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைப் புத்தகத்தில் படித்ததுண்டு. நேரில் பார்க்க மகளுக்கு அன்றைக்குத்தான் கொடுத்துவைத்தது.

“இப்படி ஒரு மனுஷனை இனிமே பாக்க முடியாது” என்றார் வீட்டுக்காரர், போலீஸ்காரர் பக்கம் திரும்பி. “கைப்பிடியெல்லாம் கல்லு மாதிரி இருந்தது சார். மேல விழுந்த வேகத்துல பிடுங்கிட்டு வந்திருக்கு. மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு உடனே ஆளைவிட்டுச் சரி பண்ணிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அதைப் பத்தி என்கிட்ட மூச்சு விட்டதில்ல.”

“உங்களுக்கும் இவருக்கும் மனஸ்தாபம் ஏதாவது உண்டா சார்? கேக்கணும், அதான்.”

“மனஸ்தாபமா!” வீட்டுக்காரர் புண்பட்டுப் போனார். “சார், இவர் என்னை என்னவா நினைச்சிருந்தார்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அவரே சொல்லட்டும்.”

கக்கத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். உள்ளே அப்பாவின் கடிதங்கள். நுனி மடங்காமல், தேதி வரிசையாக, ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடித்தாள் உறையில். கல்யாணப் பத்திரிகையைக்கூட ஒருவர் இப்படிப் பாதுகாக்க மாட்டார்.

மகள் பார்த்தாள். அவள் பழைய பேப்பர்காரரிடம் போட்டவற்றின் அசல்கள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “‘பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட ஐயா. தங்கள் நிழலில் குடியிருக்கும் பேறு பெற்ற அடியேனின் வணக்கங்கள். தங்களைப் போன்ற பெருந்தன்மையாளரைக் காண்பது இக்காலத்தில் அரிது.’ பாத்தீங்களா? கடைசில பாருங்க. ‘தங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வாழ்த்துகிறேன்.’ இந்தா, இன்னொண்ணு...”

இன்னொன்றிலும் தலையைப் படித்தார், வாலைப் படித்தார். அடுத்ததிலும் அப்படியே. அவர் கண் நடுவில் இறங்கவே இல்லை. ஆறு வருஷமாக இறங்கியதில்லை என்று மகளுக்கு அப்போது விளங்கியது. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைவிட அவள் கண்ணில் பட்டது வேறொன்று. ஒவ்வொரு கடிதத்தின் இடது மூலையிலும், பெரிய அதிகாரிபோல, பச்சை மையில் ‘குறித்துக்கொண்டேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருந்தார்.

பிடுங்கினால் கிழித்துவிடுவார். கத்தினால் ஃபைலை மூடிக்கொண்டு போய்விடுவார். கத்துவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரிந்ததில்லை. அவள் எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பா அவர்முன் நிற்கிற மாதிரியே தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

“சார், போன வருஷம் நான் தங்ககிட்ட மரியாதை இல்லாம பேசிட்டேன். மனசுல வெச்சுக்கக்கூடாது.”

“அடடா, அதெல்லாம் நான் அன்னிக்கே மறந்துட்டேம்மா.”

“அப்பா எழுத்தை ஒரு தடவை நான் படிக்கட்டுமா சார்? தங்களைப் பத்தி அவர் எழுதினதை நானே எல்லாருக்கும் படிச்சா, அவர் ஆத்மா சந்தோஷப்படும்.”

தன் வாயிலிருந்து ‘தங்களை’ என்ற சொல் இத்தனை வழுவழுப்பாக வருமென்று அவளே நினைக்கவில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. தங்கைக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டதென்று நினைத்திருப்பான். அம்மா மட்டும் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் ஃபைலை இரண்டு கையாலும், பட்டம் வழங்குவதுபோலக் கொடுத்தார்.

மகள் இரண்டடி பின்னால் நகர்ந்து, அப்பாவின் தலைமாட்டில் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். முதல் கடிதத்தை எடுத்தாள்.

“நடுப் பத்தி” என்றாள். “‘மூன்றாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பியின் அடிப்பாகம் சற்றே துருப்பிடித்திருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விழைகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.’ மூலைல பச்சை மையில், குறித்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முந்தின தேதி.”

வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். காதில் விழுந்தது மண்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நாலாவது. நடுப் பத்தி. ‘கம்பி இப்போது கை பட்டால் ஆடுகிறது. ஆயினும் நாங்கள் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டுவிட்டோம்.’ குறித்துக்கொண்டேன்.”

“என்னம்மா இது, துக்க வீட்டுல போய்...” வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

“படிடி” என்றாள் அம்மா.

“ஏழாவது. ‘நேற்று இரண்டாம் மாடி ஆசிரியை கம்பியில் கை ஊன்றியபோது அது ஒரு முழம் வெளியே சாய்ந்துவிட்டது. தற்செயலாகக் கீழிருந்து வந்த தையற்காரர் அவரைப் பிடித்து இழுத்ததால் பெரும் கேடு தவிர்ந்தது.’ குறித்துக்கொண்டேன்.”

டீச்சரின் கைக்குட்டை நின்றுவிட்டது. தையற்காரர் தலையை நிமிர்த்தவில்லை, காது மட்டும் சிவந்தது.

“ஒன்பதாவது.” மகள் அதை முன்பு படித்ததில்லை. ஃபைலோடு பழைய பேப்பர் மூட்டைக்குள் போட்ட எதையுமே அவள் நடுவில் படித்ததில்லை. வீட்டுக்காரரைப்போலவே அவளும் தலையையும் வாலையும் பார்த்துத்தான் காறித் துப்பியிருக்கிறாள். “‘எனக்கு இது பொருட்டல்ல. என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகம். அவள் கைப்பிடியை நம்பித்தான் இறங்குவாள். அவள் எழுவதற்கு முன்பே பாலும் செய்தித்தாளும் வாங்கி வந்துவிடுகிறேன். இருப்பினும் எந்நாளும் நானே முந்திக்கொள்ள முடியாதல்லவா? ஆகவே தங்கள் இரக்கத்தை வேண்டுகிறேன்.’”

அம்மா நீட்டிய காலோடு மெல்ல முன்னால் குனிந்தாள். மடங்காத அந்த முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கிடத்தியிருந்தவரைப் பார்த்தாள். “தூக்கம் வரலன்னு சொல்லிட்டுத்தான் போவார்” என்றாள், யாரிடமும் இல்லாமல். “பொய்யன்.”

மகளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணீரைத் துடைக்காமலே பன்னிரண்டாவதை எடுத்தாள். எழுத்து மறைந்தது. போலீஸ்காரர் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, தானே படித்தார், நீதிமன்றத்தில் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல்.

“‘கைப்பிடியின் அடி முற்றிலும் விட்டுவிட்டது. தற்காலிகமாக நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். கயிறு கம்பிக்கு ஈடாகாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.’ தேதி, போன மாசம் இருபத்தி மூணு. குறித்துக்கொண்டேன், இருபத்தி நாலு.” தாளுக்கு மேலாக வீட்டுக்காரரைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானே சார்?”

“அது... ஒரு மரியாதைக்குப் போடறது. நான் எங்க சார் எல்லாத்தையும் படிக்கிறேன்? எனக்கு ஆயிரம் வேலை.”

“கயிறு எங்க சார்? நான் ஏறி வரும்போது பாக்கலையே.”

வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். வெல்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார், வேலை முடிந்ததைச் சொல்ல வந்தவர்.

“கயிறும் பழைய கம்பியும் மொட்டை மாடில கெடக்கு சார். ராத்திரிக்குள்ள காயலான் கடைக்குப் போட்டுடச் சொன்னார். தொட்டா உதிருது சார். உள்ள இரும்பே இல்ல.”

“அங்கயே கெடக்கட்டும். ஒருத்தரும் தொடக்கூடாது.”

“தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் அம்மா. பிறகு போலீஸ்காரரிடம் கையை நீட்டினாள். “அந்தப் பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுங்க. தலை சுத்தல்னு எழுதாதீங்க. நடந்ததை எழுதுங்க, போடறேன்.”

“அம்மா, யோசிச்சுப் பண்ணும்மா. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்கம்மா போவ?” என்றான் அண்ணன்.

“உன் வீட்டுக்கு வர மாட்டேன்டா. நிம்மதியா மூச்சு விடு.”

போலீஸ்காரர் புதிய தாளில் எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். மகள் பன்னிரண்டு கடிதங்களையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, கிடைத்ததற்கு ரசீது வேண்டுமென்று நின்றாள். நகல் இல்லாத தவறை இன்னொரு தடவை செய்வதாக இல்லை. போலீஸ்காரர் அலுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவருடைய மாலை மட்டும் கிடந்தது. அம்மா சொன்னதும் டீச்சர் அதை எடுத்து வெளியே வைத்தாள்.

நான்கரை மணிக்கு எடுத்தார்கள். நாலு பேருமாக அப்பாவை இறக்கி, தெருவில் நின்ற வண்டிக்குள் வைத்தார்கள். அம்மா தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள், மகள் எதிரே. அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். எஞ்சின் உறுமத் தொடங்கியது.

போலீஸ்காரர் பைக்கில் கால் போடப் போனவர் நின்றுவிட்டார். தையற்காரர் பைக்கின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“சார், நானும் சொல்லணும். அன்னிக்கு டீச்சரைப் பிடிச்சு இழுத்தது நான்தான். முந்தாநாள் இவர் விழுந்தப்ப முதல்ல ஓடிவந்ததும் நான்தான். அந்தக் கம்பி அவர் கைல இருந்துச்சு சார். விரலைப் பிரிச்சு எடுத்தேன்.”

இத்தனை நேரம் வாயில் என்ன வைத்திருந்தாய் என்று மகளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டீச்சரும் வந்து தையற்காரருக்குப் பின்னால் நின்றாள். முதல் மாடியிலிருந்து குடும்பமே இறங்கி வந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு, அட்டையைத் தையற்கடையின் வெட்டுமேஜையில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

“பேரு சொல்லுங்க. ஒவ்வொருத்தரா.”

டிரைவர் ஹாரன் அடித்தார். தலையைத் திருப்பி, “அம்மா, லேட்டாகுது. கிளம்பலாமா?” என்று கேட்டார்.

அம்மா ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தாள். ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“நிக்கட்டும்” என்றாள்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார்.